இலையின் இடப்பக்கம்

உப்பு வைத்தாள். சத்தியமாக வைத்தாள். இலை போட்டுத் தண்ணீர் தெளித்ததும் நுனியோரமாக ஒரு சிட்டிகை உப்பு, பக்கத்தில் எலுமிச்சை ஊறுகாய், அப்புறம் கேசரி, அப்புறம் வடை என்று இடப்பக்கத்திலிருந்து தொடங்கி இளவரசியின் கை தானாகப் போகும். எத்தனையோ பந்தியில் பழகிய கை, பாதித் தூக்கத்தில் எழுப்பிப் பரிமாறச் சொன்னாலும் உப்பை மறக்காது. அப்புறம் எதற்காக மாமா நிமிர்ந்து பார்த்து, "உப்பு வெக்கலியா அரசி?" என்று கேட்டார்? அவளும் சிரித்துக்கொண்டே, "அறுபது வயசுக்கு மேல உப்புக் கொறச்சலாத்தான் திங்கோணுமுன்னு வெக்கலீங்க மாமா" என்று வாயடித்துவிட்டு, இலையைச் சரியாகப் பார்க்காமல்கூட, சாதத்துக்கு வலப்பக்கம் இன்னொரு சிட்டிகை வைத்துவிட்டு ரசம் எடுக்கப் போய்விட்டாள். அது மதியம். மலைமேல் வாடகைக்குப் பிடித்த விடுதி வராந்தாவில், குளிருக்கு ஒருத்தரையொருத்தர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்ட மாமாவின் அறுபதாவது பிறந்தநாள் சாப்பாடு. இப்போது வேன் கொல்லிமலையை விட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது. ஓட்டுகிறவர் மாமா. முதல் சில வளைவுகளைத் தாண்டியாகிவிட்டது, ஊரெல்லாம் கீழே தீப்பெட்டி தீப்பெட்டியாகத் தெரிகிறது, இந்த நேரத்தில் அவளுக்குப் போய் உப்பு ஞாபகம் வருகிறது. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று விட முடியவில்லை. பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத்தூள் மாதிரி, நாக்கு போய்ப் போய் அங்கேயே நிற்கிறது.

மாமா, அவள் மாமனார் நாச்சிமுத்து, முப்பது வருசம் அரசுப் பஸ் ஓட்டினவர். அதில் பாதி வருசம் இந்த மலைக்குத்தான். இந்த மாதக் கடைசியோடு ஓய்வு, மிச்சமிருந்த விடுப்பையெல்லாம் போட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். காலையில் ஏறும்போது வண்டி ஓட்டியது அவள் புருசன் மோகன்தான், இது அவனுடைய முட்டை வேன், வாரம் பூராவும் நாமக்கல்லில் கடைகடையாக முட்டை இறக்குகிற வண்டி, நேற்று சோப்புப் போட்டுக் கழுவியும் உள்ளே முட்டை வாசம் போகவில்லை. இறங்கும்போதுதான் மாமா சாவிக்குக் கை நீட்டினார். "ஏத்தம் எவன் வேணும்னாலும் ஏத்தீருவான். எறக்கத்துக்குத்தான்டா டிரைவர் வேணும். இன்னைக்கு எனக்கு நீங்க வேட்டி சட்டையெல்லாம் எடுக்கவே வேண்டியதில்ல, இதைக் குடுத்தாப் போதும்." எல்லாரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள், எல்லாரையும்விடச் சத்தமாக. மோகனுக்கும் நிம்மதி, இருட்டோடு எழுந்து ஓட்டினவன், மாமாவுக்குப் பக்கத்தில் இடப்பக்க சீட்டில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறான். பின்னால் நடுவில் அத்தை பாவாயி, அந்தக் கடைசியில் நாத்தனார் சுகந்தி, இந்தக் கடைசியில், மோகனுக்கு நேர் பின்னால், ஜன்னலோரம் அவள். மடியில் நாலு வயசு மகிழினி, வாயோரம் எச்சில் வழியத் தூக்கம், கையில் மட்டும் அருவிக்கடையில் வாங்கிய சிவப்பு விசிலைப் பிடித்த பிடி விடவில்லை. கிளம்பும்போது என்ன கூத்து அந்த விசிலால். "ரெண்டு விசில் குடு சாமி, அப்பத்தான் பஸ்ஸு நவுரும்" என்றார் மாமா. குழந்தை ரெண்டு ஊதியது, வேன் நகர்ந்தது. "ஒண்ணு ஊதினா தாத்தா?" "நின்னுரும்." கொஞ்ச தூரம் போனதும் குழந்தை சொல்லாமல் கொள்ளாமல் ஒன்று ஊதியது, வேன் டக்கென்று நின்றது, மாமாவே அசந்து போய்த் தன் காலைக் குனிந்து பார்த்துச் சிரித்தார். "பாருடா, நானு மிதிக்கல. அதா மிதிக்குது." மோகன் அதட்டிய பிறகுதான் ஊதுவது நின்றது. நல்லாத்தானே இருக்கிறார் மாமா. சிரிக்கிறார், பேசுகிறார், கியரை மாற்றுகிற கை வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்குகிறது. வளைவு வந்தால் மெதுவாகிறார். இதில் உப்பு எங்கே வந்தது?

உப்பு கேசரியோடு வந்தது. சாப்பிட்டு முடிந்ததும் அவரவர் இலையை மடித்துவிட்டு எழுந்தார்கள், அவள் எடுத்துக்கொண்டே வந்தாள், மாமாவின் இலையைத் தூக்கியபோது கனத்தது. மடிப்பு பிரிந்து வராந்தாவில் விழுந்துவிடப் போகிறதே என்று பிரித்துப் பார்த்தாள். ஒரு பாதி வழித்து நக்கியதுபோலச் சுத்தம். இன்னொரு பாதியில் கேசரி வைத்தது வைத்தபடி, வடை, ஊறுகாய், உப்பு. நடுவில் கத்தி வைத்துக் கீறின மாதிரி. சுகந்தி எட்டிப் பார்த்துவிட்டு, "பாருங்கம்மா, சுகர் இருக்குதுன்னு அப்பா இனிப்பத் தொடவே இல்ல. அறுபதுல புத்தி வந்துருச்சு" என்றாள். அத்தை, "எனக்குத் தெரியாம முட்டாய் வாங்கித் திங்கற மனுசனா இது!" என்று நாடியில் கை வைத்துக்கொண்டாள். அவளும் சிரித்தாள். சரி, கேசரி சுகருக்காக. வடை எண்ணெய்க்காக. ஊறுகாய் பிரசருக்காக என்றே வைத்துக்கொள்வோம். உப்பு? உப்பு வேண்டாம் என்றிருந்தால் கேட்டிருக்க மாட்டார். கேட்டார். அதே இலையில், அதே உப்பு, கைக்கு எட்டுகிற தூரத்தில் வெள்ளையாக இருக்கிறது, அதை வைத்துக்கொண்டே உப்பு வைக்கலியா என்று கேட்டார். சுகருக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம்? கண்ணெதிரில் இருப்பதைக் கேட்பாரா ஒரு மனுசன்? கண்ணெதிரில் இல்லாவிட்டால் கேட்பார். ஐயோ, என்ன நினைப்பு இது, நல்ல நாளும் அதுவுமாக.

வேன் ஒரு கொண்டை ஊசியில் திரும்பியது. இப்போது இடப்பக்கம் மலை. கையை நீட்டினால் பாறையில் முளைத்த பெரணியைத் தொடலாம், ஈரமண் வாசம் உள்ளே வந்தது, அவள் மூச்சு விட்டாள். இந்த மலைச்சாலையின் கணக்கே இப்படித்தான், ஒரு திருப்பத்துக்கு மலை உன் பக்கம், அடுத்த திருப்பத்துக்குப் பள்ளம் உன் பக்கம், ஊஞ்சல் ஆடுகிற மாதிரி. மலை இருக்கிற வரைக்கும் நீ பயந்தாங்கொள்ளி என்று தன்னையே திட்டிக்கொள்ளலாம். காலையில் ஏறும்போதும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடித்தானே வந்தாள், "ஏனுங்க, மெதுவா, ஏனுங்க, மெதுவா" என்று கத்திக் கத்தி, சுகந்தி அதைச் செல்போனில் பிடித்துத் தன் புருசனுக்கு அனுப்பிவிட்டாள். ஆமாம், அவளுக்கு உயரம் என்றால் ஆகாது, கிணற்றை எட்டிப் பார்த்தாலே உள்ளங்கால் கூசும். அந்தப் பயம்தான் இப்போது உப்பு என்று வேசம் போட்டுக்கொண்டு வருகிறது, வேறொன்றும் இல்லை. அப்படியானால் செருப்பு? போன வாரம் மாமா கடைவீதிக்கு ஒரு கால் செருப்போடு கிளம்பிப் படியிறங்கினாரே. இடது செருப்பு வாசலிலேயே கிடந்தது. "ஃபேசனுங்களா மாமா?" என்று கேட்டு அவள் சிரித்தாள், அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். சவரம் பண்ணிக்கொண்டு வந்தபோது இடது கன்னத்தில் நரைமுடி அறுவடையில் விட்டுப்போன ஓரம்போல நின்றது. சமையலறை நிலையில் தோளை இடித்துக்கொண்டார், ஒரு நாள் இல்லை, பல நாள், இடது தோள், நிலை அங்கேயேதானே இருக்கிறது இருபது வருசமாக. பேப்பரைப் படித்துவிட்டு, "இவனுக எழுதறது ஒண்ணும் வெளங்கறதில்ல இப்பெல்லாம், பாதில ஆரம்பிக்கறானுக" என்று தூக்கிப் போட்டார். அதற்கெல்லாம் முன்னால் ஒரு சாயங்காலம் தலை கிண்ணென்று வலிக்கிறது என்று படுத்தவர், அவள்தான் தைலம் தேய்த்துவிட்டாள், வெயிலில் போனது என்றாள், காப்பி போட்டுக் கொடுத்தாள், காப்பியை வாங்கினவர் டம்ளரை மேசைக்கு வெளியே வைத்தார், இடப்பக்கம், காற்றில். கண்ணாடி டம்ளர் உடைந்ததோடு கண் பட்டதெல்லாம் போகட்டும் என்றாள். எல்லாவற்றுக்கும் ஒரு சிரிப்பு வைத்திருந்தாள். வீட்டையே சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிற மருமகள் என்று அத்தை ஊரெல்லாம் சொல்வாளே, அந்தச் சிரிப்பு. இப்போது எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு சிரிப்புக்கு அடியிலும் ஒரு இடப்பக்கம் இருக்கிறது.

மலை பின்னால் போய்விட்டது. திருப்பம். பள்ளம். ஜன்னலுக்கு வெளியே மண் இல்லை, மரம் இல்லை, மரங்களின் தலைகள் கீழே, வெகு கீழே, பச்சைத் தண்ணீர் மாதிரி. சாலையோரக் கற்களின் வெள்ளைச் சுண்ணாம்பு ஒன்று, ஒன்று, ஒன்று என்று அவள் முழங்கைக்குக் கீழே ஓடியது. கிட்டத்தில் ஓடுகிறதா? காலையில் இவ்வளவு கிட்டத்திலா ஓடியது? காலையில் கண்ணை மூடியிருந்தாயே, உனக்கு எப்படித் தெரியும். குழந்தையை இறுக்கிக்கொண்டாள். குழந்தை சிணுங்கிற்று. இவள் சொன்னது ஒன்று இருக்கிறது, இவள் என்னவோ சொன்னாள், போன ஞாயிறு, குளிப்பாட்டும்போது. ஒளிஞ்சு விளையாட்டு. கதவுக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் ஒளிகிற பிள்ளை, இப்போதெல்லாம் எங்கேயும் ஒளிவதில்லை, மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே, தரையில், வெட்டவெளியில் குந்திக்கொள்ளும். மாமா, "மகிழு எங்க, மகிழக் காணமே" என்று தேடுவார். தாத்தா பொய்க்குத் தேடுகிறார், பேத்தியைச் சந்தோசப்படுத்துகிறார் என்று எல்லாரும் ரசித்துக்கொண்டிருப்பார்கள். தலையில் தண்ணீர் ஊற்றும்போது குழந்தை அவள் காதைப் பிடித்து இழுத்து ரகசியம் சொன்னது. "அம்மா, யாருகிட்டயும் சொல்லாத. தாத்தாவுக்கு இந்தப் பக்கமா உக்காந்துட்டா நானு கெடைக்கவே மாட்டேன்." எந்தக் கையைக் காட்டியது? சோப்பு வழிகிற கை. இந்தக் கை. இப்போது விசிலைப் பிடித்துக்கொண்டிருக்கிற இடது கை. பொய்க்குத் தேடவில்லை அந்த மனுசன். நிஜமாகவே தேடியிருக்கிறார். நிஜமாகவே தேடி, கிடைக்காமல், சத்தம் வந்த திக்கில் கழுத்தைத் திருப்பி, கண்டுபிடித்த மாதிரி நடித்திருக்கிறார். அப்படியானால் அவருக்கும் தெரியும். இல்லை, தெரியாது. இலையில் இல்லாதது இலையில் இல்லை என்றுதானே நினைத்தார், தன்னிடம் இல்லை என்று நினைக்கவில்லையே. சாலையில் இல்லாததையும் சாலையில் இல்லை என்றுதான் நினைப்பார். பள்ளத்தையும்.

அவளுடைய அப்பன் ஒரு தடவை சந்தையில் ஏமாந்து ஒரு மாடு பிடித்துக்கொண்டு வந்தார், இடது கண் தெரியாத மாடு, பார்க்கக் கண் நன்றாகத்தான் இருந்தது. வண்டியில் பூட்டின பிறகுதான் தெரிந்தது, இடப்பக்கமாகவே இழுத்து வாய்க்காலில் இறக்கிவிட்டது. அப்பன் விற்கவில்லை. அதை வலத்தில் பூட்டினார், இடத்தில் நல்ல கண்ணுள்ள மாட்டைப் பூட்டினார், அது தள்ளுகிற தள்ளில் இது நேராகப் போகும். இங்கேயும் அப்படித்தான் பூட்டியிருக்கிறது, வலத்தில் மாமா, இடத்தில் மோகன். இடத்து மாடு குறட்டை விடுகிறது. அவள் சீட்டுக்கு மேல் கையை விட்டு மோகன் தோளில் இடித்தாள். "ஏனுங்க." அசையவில்லை. காதோரம் குனிந்து, "ஏனுங்க, எந்திரிங்க, மாமா ஓட்டறது" என்று ஆரம்பித்தாள், அதற்குமேல் எப்படிச் சொல்வது, அவர் காது ஒரு முழத்தில் இருக்கிறது. மோகன் கண்ணைத் திறக்காமலே, "ஏறும்போதும் இப்பிடித்தான் உசுர வாங்குன. எங்கப்பா ஓட்டறப்ப பேசாம தூங்கு புள்ள" என்று தோளைக் குலுக்கிவிட்டான். சுகந்தி சிரித்தாள். "அண்ணிக்கு மறுபடியும் ஆரம்பிச்சுருச்சு." சரி, நிறுத்தினால் போதும். எதற்காகவாவது நிறுத்தினால் போதும். "மாமா, ஓரமா ஒரு நிமிசம் நிறுத்தறீங்களா, வாந்தி வர்ற மாதிரி இருக்குது" என்றாள். மாமா முன்னால் பார்த்தபடியே, "இங்க நிறுத்த எடமில்ல கண்ணு, வளைவுல நிறுத்தப்படாது, கீழ வந்து நிறுத்தறேன்" என்றார். எவ்வளவு சரியான பேச்சு. அத்தை பையிலிருந்து ஒரு பாலிதீன் கவரையும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்து அவள் கையில் திணித்தாள். "இதுல எடுத்துக்க. மோந்து பாத்துட்டே வா, செரியாப் போயிரும்." பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டாள். வேறென்ன செய்வாள். கத்தலாம். மாமாவுக்குப் பாதிக் கண் தெரியலை என்று கத்தலாம். முப்பது வருசம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டின மனுசனை, அவர் பெண்டாட்டி முன்னால், மகள் முன்னால், அறுபதாவது பிறந்தநாளில். சரி, மானம் போனால் போகட்டும் என்றே கத்தினால், அவர் என்னவென்று திரும்பிப் பார்ப்பார், கழுத்து திரும்பினால் கையும் திரும்பும், கை திரும்பினால் சக்கரம். இல்லை. கத்தக் கூடாது. ஒருவேளை எல்லாம் பிரமையாக இருந்தால்? சிரிப்பாகச் சிரிக்கும் ஊர். சிரிக்கட்டும், அவள் எப்போதாவது சிரிப்புக்குப் பயந்தவளா? இப்போது பயமாக இருக்கிறது. எல்லாம் பிரமையாகவே இருக்க வேண்டும் என்று குலசாமியை வேண்டிக்கொண்டாள், பொய்யாப் போயிரட்டும் சாமி, நான் பைத்தியக்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

மறுபடியும் மலை இடப்பக்கம் வந்தது. வேண்டுதல் பலித்த மாதிரி ஒரு நிமிசம் எல்லாம் லேசாக இருந்தது, வெயில் சாய்ந்து பாறையில் மஞ்சளாக அடித்தது, மிளகுக்கொடி வாசம்கூட வந்தது. அப்போதுதான் அந்தப் பலாப்பழக்காரர். சாலையின் இடது ஓரத்தில், தலையில் சும்மாடு கட்டி இரண்டு பலாவை அடுக்கிக்கொண்டு முதுகைக் காட்டி நடந்து போகிறார். அவளுக்கு வளைவிலேயே தெரிந்துவிட்டார். நீலச்சட்டை. ஒரு ஹாரன் அடிப்பார் மாமா, அடித்துவிட்டுக் கொஞ்சம் வலத்தில் ஒதுங்குவார், ஆட்டைக் கண்டால்கூட ரெண்டு ஹாரன் அடிக்கிறவர். அடிக்கவில்லை. நீலச்சட்டை பெரிதாகிறது. அடிக்கவில்லை. அவள் வாயைத் திறந்தாள், எலுமிச்சம்பழம் மடியில் விழுந்தது, சத்தம் வரவில்லை, அந்த ஆள் எஞ்சின் சத்தத்தைக் கேட்டோ என்னவோ பாறையோடு ஒட்டிக் குதித்தார், ஒரு பலா உருண்டது, மோகன் பக்கத்துக் கண்ணாடி எதையோ உரசிவிட்டு உள்ளே மடிந்தது. பின்னாலிருந்து வண்டைவண்டையாகத் திட்டு. "என்ன கத்தறான் அந்தப் பலாக்காரன்?" என்றாள் சுகந்தி செல்போனிலிருந்து நிமிராமல். "எந்தப் பலாக்காரன்?" என்றார் மாமா.

எந்தப் பலாக்காரன். அவ்வளவுதான். இனி யோசிக்க ஒன்றும் இல்லை. உப்பு இலையில்தான் இருந்தது. முன்னால் அடுத்த வளைவு தெரிகிறது, அதில் திரும்பினால் பள்ளம் இந்தப் பக்கம் வரும், மோகன் பக்கம், மகிழு பக்கம், அவர் கண்ணுக்கு இல்லாத பக்கம். இறங்கினதும் நேராக ஆஸ்பத்திரி. முதலில் இறங்க வேண்டும். இறங்குவதற்கு முதலில் நிற்க வேண்டும். நிறுத்தச் சொன்னால் நிறுத்த மாட்டார், இடமில்லை என்பார், அவர் தலை சரியாகத்தான் பேசுகிறது, தலையோடு பேசிப் பயனில்லை. தலையை விட்டுவிடு. வேன் திரும்பியது. வானம் உள்ளே வந்தது. வெள்ளைக்கற்கள் ஓடின, ஒன்று, ஒன்று, ஒன்று, பிறகு ஒரு கல் இருந்த இடத்தில் கல் இல்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பல்வரிசையில் பல் விழுந்த இடம்போல ஒரு ஓட்டை, சக்கரத்துக்கு அடியில் தார் சத்தம் மாறிச் சரளைக்கல் சத்தம், சரசரவென்று, முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி. அவர் காலே மிதிக்குமே. நானு மிதிக்கல, அதா மிதிக்குது. குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க நேரமில்லை, விசிலோடு அந்தக் குட்டிக் கையையே தூக்கி வாயில் வைத்துக்கொண்டாள். எச்சில் ஈரம். பிளாஸ்டிக் வாசம். உதடு காய்ந்து கிடக்கிறது, காற்று மட்டும் வந்துவிடுமோ என்று ஒரு பயம், எல்லாப் பயத்துக்கும் மேலே ஒரு சின்னப் பயம்.

ஊதினாள். ஒரே விசில். நீளமாக.

வேன் நின்றது. அத்தை முன்சீட்டில் போய் முட்டிக்கொண்டாள், சுகந்தியின் செல்போன் எங்கேயோ விழுந்தது, மோகன் கண்ணாடியில் நெற்றியை இடித்துக்கொண்டு, "எவடி அவ, பைத்தியமா உனக்கு!" என்று கத்தினான். மாமா திரும்பவில்லை. நியூட்ரலுக்குத் தள்ளினார், கைப்பிரேக்கை இழுத்தார், முப்பது வருசத்துப் பழக்கத்தில் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார்.

"யாரு எறங்கோணும்?"

அவள் வாயிலிருந்து குழந்தையின் கையை எடுத்தாள்.

"நீங்கதானுங்க மாமா."

யாரும் சிரிக்கவில்லை. மோகன் ஆத்திரத்தோடு தன் பக்கத்துக் கதவைத் திறந்தான், அவளை வெளியே இழுத்து நாலு வார்த்தை கேட்கிறவன்போல ஒரு காலைக் கீழே விட்டான். கால் எதன்மேலும் படவில்லை. குனிந்து பார்த்தான். காலை மெதுவாக உள்ளே எடுத்து மற்றக் காலோடு சேர்த்து வைத்துக்கொண்டான். திறந்த கதவு வழியாக மலைக்காற்று வந்து எலுமிச்சை வாசத்தையும் முட்டை வாசத்தையும் கலைத்தது. அப்போதுதான் மாமா திரும்பினார். கண்ணை அல்ல, கழுத்தை, தோளை, உடம்பையே இடப்பக்கம் திருப்பி, மகனின் முழங்காலுக்கு அப்பால் வெகு நேரம் பார்த்தார். மரங்களின் தலைகளுக்கு மேல் ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது, அவர்களுக்குக் கீழே.

"இங்க பள்ளமா இருந்துச்சு?" என்றார்.

"ஆமாங்க மாமா."

"இலையில உப்பும் இருந்துச்சா?"

அவள் தலையை ஆட்டினாள். கண்ணாடியில் அதைப் பார்த்திருப்பார். எஞ்சினை அணைத்துவிட்டு சாவியை உருவி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்தார். குழந்தை முழித்துக்கொண்டது. எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தது, கையிலிருந்த விசிலைப் பார்த்தது, அது ஈரமாக இருப்பதைப் பாவாடையில் துடைத்தது.

"வண்டி நின்னுருச்சா தாத்தா? ரெண்டு குடுக்கட்டா?"

"இரு சாமி" என்றார் நாச்சிமுத்து. "டிரைவர் மாறோணும்."